முகத்தில் எழுதியிராத கொடுமை

நம் அந்தமான் தீவுகளிலிருந்து புறப்பட்டு உலகத் துப்பறியும் கதைகளுக்குள் போய்ச் சேர்ந்த கொலையாளி ஒருவன் உண்டு. பெயர் டோங்கா. ஆர்தர் கானன் டாயில் 1890இல் வெளியிட்ட 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் வருகிறான். ஹாரியட் மலைச் சரிவில், ஹோப் டவுனில் தண்டனைக் கைதியாக இருந்த ஜோனதன் ஸ்மால், நோயில் கிடந்த ஒரு தீவுவாசியைக் காப்பாற்றுகிறான். அந்தத் தீவுவாசிதான் டோங்கா. நன்றிக்காக அவன் ஸ்மாலோடு லண்டன்வரை கூடவே போய், ஊதுகுழலில் நச்சு முள் வைத்து ஊதிக் கொல்கிறான். ஷெர்லாக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, அந்தமான் மக்கள் பிறவியிலேயே விகாரமானவர்கள், நரமாமிசம் தின்பவர்கள் என்று வாட்சனுக்குப் படித்துக் காட்டுகிறான். டாயில் இங்கே கால் வைத்ததே இல்லை. இம்மக்களின் ஆயுதம் வில்லும் அம்பும்தான், ஊதுகுழல் அல்ல. மனித மாமிசம் தின்றார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனாலும் 1987இல் கிரனாடா தொலைக்காட்சி ஜெரிமி பிரெட்டை ஹோம்ஸாக வைத்து அந்த நாவலை எடுத்தபோது, இந்திய வம்சாவளி நடிகர் கிரண் ஷாவுக்கு டோங்கா வேடம் போட்டது. நூறாண்டு கழித்தும் கொடுமைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகம் நம் தீவுடையதாக இருந்தது.

குற்றத் தொடர்களில் மனசாட்சியற்ற ஒருவனை எப்படி நடிக்க வேண்டும் என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். அவனை முகத்தில் தேடினால் நடிப்பும் கெடும், நியாயமும் கெடும்.

மருத்துவம் இதை என்றைக்கோ சொல்லிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹார்வி கிளெக்லி 1941இல் எழுதிய நூலுக்கே 'தெளிந்த புத்தி என்னும் முகமூடி' என்ற பொருளில்தான் தலைப்பு. மனசாட்சியற்றவர்களை அளக்கக் கனடாவின் ராபர்ட் ஹேர் வகுத்த அளவுகோலில் 20 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண். வாய் கூசாத பொய், மேலோட்டமான வசீகரம், பிறரைத் தன் காரியத்துக்கு வளைப்பது, குற்றவுணர்வின்மை, அடுத்தவர் வலி உறைக்காமை என்று போகிறது பட்டியல். தோற்றத்தைப் பற்றி அதில் ஒரு கூறுகூட இல்லை. காதில் குரல் கேட்பதும் இல்லாததைக் கண்ணால் காண்பதும் வேறு நோய்கள். அவற்றால் அவதிப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நம் திரை இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி 'சைக்கோ' என்று பெயர் வைத்துவிட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு மனநல மருத்துவர்கள் 400 படங்களைப் பார்த்து மனசாட்சியற்ற 126 பாத்திரங்களைத் தேர்ந்து ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' படத்தின் ஆன்டன் சிகுர்தான் அவர்களுக்கு உண்மைக்கு மிக நெருக்கமாகத் தெரிந்தான். உலகமே கொண்டாடிய ஹானிபல் லெக்டர் அந்தத் தேர்வில் தேறவில்லை.

நம் மரபு நாடக மேடையிலிருந்து வந்தது. பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு, நம்பியார் கையைப் பிசைவது, 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதா ஒரே வாக்கியத்துக்குள் குரலை ஏற்றி இறக்கி உடைப்பது எல்லாமே கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டிய கலை. வில்லன் உள்ளே வந்ததுமே அவன் வில்லன் என்று தெரிய வேண்டும். அதை மிகை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மேடைக்கு அதுதான் சரியான அளவு. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி கேமரா வந்து நின்ற பிறகும் அதையே தொடர்ந்ததுதான் பிசகு.

அடுத்து வந்தது காயத்தின் மரபு. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. முன்னதில் கமல்ஹாசன் கண்ணியமான தொழிலதிபர், தோட்டத்து ரோஜாக்களுக்கு அடியில் பிணங்கள். பின்னதில் பிரதாப் போத்தன். தான் கடத்தி வந்த பெண்ணை ஊட்டியில் ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு, அவள் முன் கிதாரை மீட்டிப் பாடுகிறான். குரலில் மிரட்டல் துளியும் இல்லை. பாட்டு அவளுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பு மட்டும் இருக்கிறது. நம் பயம் அந்தத் தவிப்பிலிருந்துதான் வருகிறது. நடிப்பில் இவை சிகரங்கள். ஆனால் இந்த மரபு ஒரு கெட்ட வழக்கத்தையும் விட்டுப்போயிற்று. கொலைகாரனின் பால்யத்துக்குப் போய் ஒரு காரணத்தைத் தோண்டி எடுக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருக்கும். செத்ததும் பெண்கள், பழியும் பெண் மேல். நாற்பது வருடங்களாக நம் எழுத்தாளர்கள் இந்தப் பிளாஷ்பேக்கை விடவில்லை, எனக்கு இதில் கடுமையான கோபம் உண்டு.

'ராட்சசன்' (2018) இந்த வழக்கத்தோடு ஒப்பனையையும் சேர்த்துக்கொண்டது. ராம்குமார் கெட்டிக்காரர், பதற்றத்தைக் கட்டுவதில் தமிழில் அதற்கு இணையான படங்கள் சிலவே. கிறிஸ்டோபராக நடித்த சரவணன் தன் முகத்தையே மறைத்துக்கொண்டு உழைத்தார். இருந்தும், உடல் நோயால் உருமாறிய சிறுவன் கொலைகாரன் ஆகிறான் என்ற அடித்தளம் டோங்காவின் கதையேதான். அதே நோயோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

எனக்குப் பிடித்தது அடங்கிய மரபு. அதற்குத் தமிழில் ஆசான் ரகுவரன். 'புரியாத புதிர்' (1990) படத்தில் மனைவியைச் சந்தேகிக்கும் கணவனாக வந்து 'ஐ நோ' என்ற இரண்டே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கெஞ்சலாக, கிண்டலாக, சலிப்பாக, உறுமலாக என ஒன்றுபோல் இன்னொன்று இராது. நடிப்புப் பழக வரும் பிள்ளைகளிடம் அந்தக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்வேன். எதிரே இருப்பவளின் பதிலுக்கு அவர் காத்திருப்பதே இல்லை என்பது அப்போது தெரியும். பேச்சு அவளிடம்தான், ஆனால் அவள் அவருக்கு ஒரு ஆளாகவே படவில்லை. இந்தப் பாத்திரத்துக்கான சாவி அதுதான்.

டேனியல் பாலாஜியிடமும் அந்தச் சாவி இருந்தது. 'சித்தி' தொடரில் செய்த பாத்திரத்தின் பெயரே அவருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. பிறகு 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் அமுதன். கண்ணை அசைக்காமல் பேசும் இடங்களில் அவர் உச்சம். கத்தும் இடங்களில் அமுதன் சாதாரண வில்லனாகிவிடுகிறான். 2024 மார்ச்சில் அவர் காலமானபோது, நெடுந்தொடர் ஒன்றில் இப்படி ஒருவனை அவர் நிதானமாகச் செய்து பார்க்க வாய்ப்பே அமையவில்லையே என்று வருந்தினேன்.

ஏனென்றால் தொடர் என்பது நேரத்தின் கலை. சினிமாவில் கொலையாளிக்கு அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது. தொடரில் ஏழு எட்டு அத்தியாயம் அவன் நம்மோடு சாப்பிட வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்க வேண்டும். முறைத்துப் பார்ப்பதை வைத்து எட்டு மணி நேரத்தை ஓட்ட முடியாது. 'நவம்பர் ஸ்டோரி'யில் (2021) பசுபதியும், 'விலங்கு' தொடரில் (2022) கிச்சாவாக வந்த ரவியும் இதைப் புரிந்து நடித்தவர்கள். கிச்சா போலீஸ்காரர்கள் முன் கூனிக் குறுகி நிற்கிற ஆள். அந்தப் பணிவை நாம் இரக்கத்தோடு பார்த்துவிட்டோம் என்பதே தொடரின் கடைசி அடி.

இந்திய அளவில் எனக்கு அளவுகோல் 'தஹாட்' (2023) தொடரில் விஜய் வர்மா. ராஜஸ்தானில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இந்தி இலக்கியம் நடத்தும் ஆசிரியர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வண்டியில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பவர். வரதட்சணைக்கு வழியில்லாத வீட்டுப் பெண்களைக் காதல் சொல்லி அழைத்துப்போய் சயனைடில் கொல்கிறவனும் அவரே. கொலையாளி இவன்தான் என்று சீக்கிரமே காட்டிவிடுகிறார்கள், அதனால் மர்மம் குறையவில்லை. பாடம் நடத்தும் குரலையும் வலை வீசும் குரலையும் விஜய் வர்மா ஒன்றாகவே வைத்துக்கொள்கிறார். வேறு குரல் எடுத்திருந்தால் தப்பித்தோம் என்று மூச்சு விட்டிருப்போம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செல்லுலர் சிறையின் ஜெயிலர் டேவிட் பாரியை நம் மேடைகளும் திரையும் பலவிதமாகப் போட்டுப் பார்த்திருக்கின்றன. பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை' (1996) அதில் முக்கியமானது. மோகன்லாலும் பிரபுவும் கைதிகள். பாரியின் கையாளான மிர்சா கான் வேடத்தில் அம்ரீஷ் புரி. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலையும் தேசிய விருது பெற்றவை. நம் சிறையின் கல்லும் சுண்ணாம்பும் அதுபோல் வேறெங்கும் பதிவானதில்லை. அம்ரீஷ் புரியின் கண்களைப் பார்த்து அரங்கமே நடுங்கியது நிஜம். ஆனால் அந்தப் படத்தில் பாரியும் மிர்சாவும் இரண்டு அரக்கர்கள். அவர்கள் செத்தால் தீமை செத்தது என்று படம் நம்பவைக்கிறது.

வரலாற்றுப் பாரி அப்படிப்பட்ட ஆள் அல்ல. அங்கே கைதிகளாக இருந்த பாரீந்திர கோஷும் சாவர்க்கரும் எழுதிய நினைவுகளில் அவன் வாயாடி. அரசியல் கைதிகளோடு நின்று வாதாடுவான். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்தக் கட்டடத்தில், நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகளையும் கண்காணிக்கும் ஏற்பாட்டில், அவன் கையில் இருந்தது ஒரு கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய். மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதன் இழுத்து அந்த அளவைக் கொடுக்க வேண்டும். குறைந்தால் கைவிலங்கு, சாட்டை. கணக்கு மேலதிகாரிகளுக்குத் தெரியும், தண்டனைக்கு விதிமுறை உண்டு. 1913இல் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பாரியை 'சைக்கோ' என்று சொன்னால் ஒரு பேரரசின் பழி முழுவதையும் ஒற்றை மண்டைக்குள் அடைத்துவிடுகிறோம். அது அந்தப் பேரரசுக்கு நாம் செய்யும் சலுகை.

பாரி வேடம் போடும் இளைஞர்களிடம் பிரம்பைச் சுழற்றாதே என்பேன். தராசைப் பார், குறித்துக்கொள், அடுத்தவனைக் கூப்பிடு. எண்ணெய் குறைந்தது என்று சொல்லும்போது கோபம் வேண்டாம், கடைக்காரன் பாக்கி சொல்கிற தொனி போதும். எதிரே நிற்பவன் காய்ச்சலில் ஆடுகிறான் என்பதை நீ கவனிக்கவே கூடாது; பார்வையாளர்கள் கவனிக்கட்டும்.

2023இல் 'காலா பாணி' தொடர் நம் தீவுகளையே களமாக்கி ஏழு அத்தியாயங்களில் ஒரு கொள்ளைநோயைக் காட்டியது. அதில் அமேய் வாக் நடித்த சுயநலப் போலீஸ்காரனிடம் நான் மேலே சொன்ன அடக்கம் நன்றாகவே இருக்கிறது. அதே தரத்தில் செல்லுலர் சிறையைத் தொடராக எடுக்க யாராவது கப்பலேறி வந்தால் என்னிடம் ஒரு கோரிக்கை உண்டு. பாரிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே அரசியல் கைதியாக இருந்த உல்லாஸ்கர் தத்தருக்குக் கொடுங்கள். 1912இல் சக கைதி இந்து பூஷண் ராய் தன் அறையிலேயே தூக்கிட்டுக்கொண்டார். அதே ஆண்டு உல்லாஸ்கர் வேலை செய்ய மறுத்தார், கைவிலங்கோடு தொங்கவிடப்பட்டார், கடும் காய்ச்சலில் புத்தி பேதலித்தது. பிறகு கடல் கடந்து சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1920இல் விடுதலை. நடுவயது தாண்டி, நடமாட முடியாதிருந்த தன் இளமைக் காதலி லீலாவை, விபின் சந்திர பாலின் மகளை, மணந்தார். 1965இல் சில்சரில் காலமானார். ஒரு தொடருக்குத் தேவையான கதாநாயகன் அவரிடம் முழுசாக இருக்கிறான். அந்த வேடத்துக்கு நடிகரைத் தேர்ந்த பிறகு ஜெயிலருக்கு ஆள் தேடினால் போதும்.