எட்டுக் கல் பெண்களும் ஒரு குடிமகளும்

ஒரு நகரம் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் பிரதியைத்தான் சுற்றுலாப் பயணி வாசிக்கிறார். எது சிலையாக வேண்டும், யாருடைய பெயர் கல்லில் ஏற வேண்டும், நாம் எங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் நமக்கு முன்பே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பாரிஸில் இருந்த நாட்களில் அந்தப் பிரதியை ஒரே ஒரு கேள்வியோடு வாசித்துப் பார்த்தேன்: இங்கே பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதா?

உருவம் இருக்கிறதா என்று கேட்கவே வேண்டியதில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்தில் தெலக்ருவா 1830இல் வரைந்த ஓவியத்தில், மார்பு திறந்த ஒரு பெண் கொடியேந்தி ஆண்களை வழிநடத்துகிறாள். அவள் பெயர் சுதந்திரம். குடியரசுச் சதுக்கத்தில் 1883 முதல் உயர்ந்து நிற்கும் வெண்கலப் பெண்தான் குடியரசு. அவள் அங்கே ஏறி நின்று 61 ஆண்டுகள் கழித்து, 1944இல்தான் பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. பாரதமாதாவையும் தமிழ்த்தாயையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. குறியீடாக நிற்கும்வரை பெண்ணுக்குப் பீடம் உண்டு.

இதைத் துலக்கமாகக் காட்டும் இடம் கொன்கார்ட் சதுக்கம். பயணிகளின் கேமராக்கள் நடுவிலிருக்கும் எகிப்தியக் கல்தூணை நோக்கியே நிமிர்கின்றன. ஓரங்களில் உட்கார்ந்திருக்கும் எட்டுக் கல் பெண்களைப் பார்ப்பவர் குறைவு. அவர்களுக்குப் பெயர்கள் உண்டு: லீல், ஸ்த்ராஸ்பூர், லியோன், மார்செய், போர்தோ, நாந்த், பிரெஸ்த், ரூவான். எல்லாம் ஊர்ப்பெயர்கள். 1871இல் ஜெர்மனியிடம் ஸ்த்ராஸ்பூர் நகரம் பறிபோனபோது, அந்தச் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தி மலர்வளையம் வைத்தார்கள். 1918 வரை அவள் துக்கம் காத்தாள். இழந்த நிலத்துக்காக அழவும் ஒரு கைம்பெண் தேவைப்பட்டிருக்கிறாள்.

அந்தச் சிலையைச் செதுக்கியவர் பிரதியே. அதற்கு முகம் தந்தவர் ஜூலியத் துரூவே என்று சொல்வதுண்டு. பிரதியேவுக்கு மாடலாக இருந்தவர், நடிகை. பின்னாளில் விக்தர் யூகோவுடன் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, அவருடைய கையெழுத்துப் படிகளைப் பிரதியெடுத்துத் தந்தவர். அவருக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. யூகோ பாந்தெயோனில் துயில்கிறார். ஜூலியத்தின் கல்லறை புறநகரில் இருக்கிறது.

இதே சதுக்கத்தில்தான் 1793இன் இலையுதிர்காலத்தில் ஒரு மாதத்துக்குள் மூன்று பெண்களின் தலைகள் வெட்டப்பட்டன. அக்டோபர் 16 அரசி மரி அந்துவானெத். நவம்பர் 3 ஒலிம்ப் த கூஜ். நவம்பர் 8 மதாம் ரோலான். சுற்றுலா வழிகாட்டிகள் முதல் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

மோந்தோபான் என்ற தென்பகுதி ஊரில் பிறந்த மரி கூஸ், இளம்வயதில் கைம்பெண்ணானார். கணவரின் பெயரைச் சுமக்க மறுத்து, ஒலிம்ப் த கூஜ் என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டார். அடிமை முறைக்கு எதிராக நாடகம் எழுதினார். 1789இன் மனித உரிமைப் பிரகடனத்தை வரிவரியாக எதிர்கொண்டு, 1791இல் ‘பெண் மற்றும் குடிமகள் உரிமைகளின் பிரகடன’த்தை வெளியிட்டார். தண்டனை கொடுக்கும்போது பெண்ணைச் சமமாக நடத்தும் அரசு, அவையில் பேசும் உரிமையிலும் சமமாக நடத்த வேண்டும் என்று அதில் வாதிட்டார். எந்த வகை ஆட்சி வேண்டும் என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று அவர் அச்சிட்ட சுவரொட்டி அவருடைய உயிரைப் பறித்தது. அதற்கு நான்கு நாட்கள் முன்புதான் பெண்களின் அரசியல் சங்கங்களைப் புரட்சி அரசு தடைசெய்திருந்தது.

சதுக்கத்தின் தென்புறம் சென் நதிமேல் ஒரு பாலம். பஸ்தீய் சிறையை இடித்த கற்களையும் சேர்த்துக் கட்டி, ஒலிம்ப் தம் பிரகடனத்தை எழுதிய அதே 1791இல் முடிக்கப்பட்டது. அக்கரையில் பிரெஞ்சு நாடாளுமன்றம். அங்கே 2016இல் ஒலிம்பின் மார்பளவுச் சிலையை வைத்தார்கள். தலை விழுந்த இடத்திலிருந்து அவர் கேட்ட அவைக்குச் சில நிமிட நடைதான். கடக்க 223 ஆண்டுகள் ஆயின.

பாந்தெயோனின் முகப்பில் நாட்டின் நன்றியைச் சொல்லும் வாசகம் ஒன்று இருக்கிறது. அதில் வரும் ‘ஓம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மனிதர், ஆண் என்று இரண்டு பொருளும் உண்டு. ‘மாமனிதர்களுக்கு’ என்று நாம் தமிழாக்கினால் அந்தச் சூது மறைந்துவிடும். இச்சொல் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கண்டுகொண்டதால்தான் ஒலிம்ப் தனியொரு பிரகடனம் எழுதினார். ‘குடிமகன்’ பெண்ணையும் குறிக்கும் என்று வகுப்பறையில் சமாதானம் சொல்லும் நமக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

உள்ளே ஆண்கள் எழுபதுக்கும் மேல். 2024 வரை பெண்கள் ஏழு பேர். முதலாமவர் சோஃபி பெர்த்லோ, 1907இல் வேதியியலாளரான கணவரோடு அடக்கம் செய்யப்பட்டவர். தன் சாதனைக்காக ஒரு பெண் அங்கே நுழைய 1995 ஆயிற்று; அவர் மேரி கியூரி. 2018இல் கருக்கலைப்பு உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த சிமோன் வெய் நுழைந்தபோது, அவர் கணவரும் உடன் வைக்கப்பட்டார். மனைவியின் பெயரால் ஓர் ஆண் உள்ளே வந்தார். 111 ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தின் இலக்கணம் ஒருமுறை தலைகீழானதை அங்கே கண்டேன்.

ஈபிள் கோபுரத்திலும் இதே கணக்குதான். முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் பொறித்திருக்கும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. வளைந்து கொடுக்கும் பரப்புகளின் கணிதத்துக்காக 1816இல் அறிவியல் கழகத்தின் பரிசு பெற்ற சோஃபி ஜெர்மேனும் இல்லை. பெண்களுக்குக் கதவு திறக்காத கல்லூரியின் பாடக் குறிப்புகளைப் பெற ஆண் பெயரில் எழுதியவர் அவர். கற்பதற்கு ஆண் பெயர் வேண்டியிருந்தது. கற்றதற்குப் பின்னும் சொந்தப் பெயருக்கு இடமில்லை.

இவையெல்லாம் மாறிவருகின்றனவே என்று கேட்கலாம். மாறுகின்றன. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் சென் நதிக்கரையில் பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகள் எழுந்தன. ஒலிம்பும் அவர்களில் ஒருவர். கோபுரத்தில் பெண் அறிவியலாளர்களின் பெயர்களைச் சேர்க்கும் திட்டத்தை 2025இல் முன்வைத்தார்கள். இவற்றை நகரம் தானாக மனமிரங்கிச் செய்யவில்லை. வரலாற்றாசிரியர்களும் பெண்ணிய இயக்கங்களும் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்றவை இவை. ஒலிம்பைப் பாந்தெயோனுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

தனியாகப் பயணம் போவதே விடுதலை என்று இன்று பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. போய்வரத்தான் வேண்டும், காலும் கண்ணும் நமக்கும் உண்டு. ஆனால் யாரோ வகுத்த தடத்தில் நடந்து, அவர்கள் காட்டியதை மட்டும் படமெடுத்துத் திரும்பினால், அந்தப் பழைய பிரதிக்கு நாமும் ஒரு படி எடுத்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம். அடுத்த முறை எந்த ஊரில் ஒரு பெண்சிலைக்கு முன்னால் நின்றாலும், இவள் யார் என்று கேளுங்கள். நீதி, நதி, நாடு, நகரம் என்று பதில் வந்தால், அந்த ஊரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு ஊர் திரும்புங்கள்.