கிணறு நிறையும் மாதமும் மூக்கடைக்கும் மாதமும்

பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு, சுழித்து உள்ளே இறங்கச் செய்தார் என்கிறது திருச்சுழித் தலபுராணம். வெள்ளத்தால் பெயர்பெற்ற அந்த ஊர், ஆண்டின் பெரும்பகுதி குண்டாற்று மணலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து அருப்புக்கோட்டை வரை விரியும் வறண்ட கரிசல் காட்டில் நீச்சலுக்குப் பள்ளிக்கூடம் பம்புசெட் கிணறுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறியதும் பையன்கள் குதிக்கத் தொடங்குவார்கள். தம் கட்டி முங்கி, அடிமண்ணில் ஒரு கை அள்ளி வந்து காட்டுபவன்தான் அன்றைக்கு வீரன். புட்வால்வில் சகதி அடைத்துக்கொண்டால் பெரியவர்களும் இப்படித்தான் இறங்குகிறார்கள்.

முங்குபவர்களுக்குக் காதுவலியும் நெற்றிவலியும் புதிதல்ல. அவற்றுக்கு ஊர் சொல்லும் வழிகள் நான்கு: மூக்கைப் பிடித்து ஊது, காதில் எண்ணெய்ப் பஞ்சு வை, நீர் கோத்திருந்தால் நொச்சி போட்டு வேது பிடி, ரத்தம் வந்தால் பயப்படாதே, பழகிவிடும். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்வதில்தான் சிக்கல். முதலாவது உயிர் காக்கும் அறிவு. கடைசியானது காயத்தைக் குணம் என்று நம்பவைக்கும் பிழை.

காரணம் எளிய இயற்பியல். அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதினார். நீருக்குள் 10 மீட்டரில், அதாவது சுமார் 33 அடியில், அழுத்தம் இரட்டிக்கிறது. மீண்டும் ஒருமுறை இரட்டிக்க வேண்டுமானால் 30 மீட்டர் வரை இறங்க வேண்டும். ஆகவே உடம்பிலுள்ள காற்றறைகள் மிக வேகமாகச் சுருங்குவது முதல் 33 அடியில்தான். "கடலா என்ன, கிணறுதானே" என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை. எங்கள் கிணறுகளில் நிற்கும் தண்ணீரின் ஆழம் பெரும்பாலும் அந்தக் கடுமையான பகுதிக்குள்ளேயே வருகிறது.

நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் ஒன்று உண்டு. மூக்கைப் பிடித்து ஊதினால் அது திறந்து காற்று உள்ளே போகும். செவிப்பறை நிலைக்கு வரும். இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்சால்வா 1704இல் வெளியிட்ட காது பற்றிய நூலால் இந்த முறை அவர் பெயரைப் பெற்றது. அந்தப் பெயரை அறியாத கிணற்றுப் பையன்களும் அதையேதான் செய்கிறார்கள். ஆனால் எப்போது ஊதுவது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. வலித்த பிறகு ஊதுவதே இங்கே வழக்கம். ஆள் உயரம் இறங்குவதற்குள் ஊதாவிட்டால் குழலின் வாய் அழுந்தி ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு முக்கி ஊதுவது உள்காதையே காயப்படுத்தலாம். வலிக்குமுன், ஓரிரண்டு அடிக்கு ஒருமுறை, மெதுவாக ஊதுவதே முறை.

அடுத்த குறை, தலைகீழாகப் பாய்வது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, நிமிர்ந்த நிலையில் இறங்கினார்கள். கல் வேகத்தையும் தந்தது. தலை மேலே இருந்ததால் காதுக்குக் காற்று அனுப்புவதும் எளிதானது. தலைகுப்புற இறங்கும்போது நுரையீரல் காற்றை மூக்குக்குத் தள்ளுவது கடினம். இன்று மூச்சடக்கி ஆழம் செல்லும் விளையாட்டு வீரர்கள் தொண்டையை அடைத்து, நாக்கை உந்துதண்டு போலப் பயன்படுத்தி, வாயிலுள்ள காற்றை மட்டும் தள்ளுகிறார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரென்செல் இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளுக்காக வகுத்த முறை அது. கிணற்றில் அவ்வளவு தேவையில்லை. கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கினாலே பாதிச் சிக்கல் தீரும். மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் இருப்பதும் முத்துக்குளிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதே.

எண்ணெய்ப் பஞ்சை விட்டேவிட வேண்டும். பஞ்சுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கிய காற்று சுருங்கும்போது பறை வெளிப்பக்கமாக இழுபடும். பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே புகுந்தால் தலை சுற்றும்; கலங்கிய கிணற்றுக்குள் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போய்விடும்.

இனி நெற்றி. நெற்றி, கன்னம், மூக்கின் பக்கம், அதன் பின்புறம் என நான்கு இணைச் சைனஸ் அறைகள் நமக்கு உண்டு. காதுக்குழலைத் தசையால் திறக்கலாம். சைனஸின் வாயைத் திறக்க அப்படித் தசை எதுவும் இல்லை. அது திறந்திருந்தால் காற்று தானே போய்வரும். சளியால் வீங்கி அடைத்திருந்தால் எந்த வித்தைக்கும் மசியாது. காதுக்குச் சொல்லும் வைத்தியத்தையே நெற்றிக்கும் சொல்வதுதான் நம் வழக்கத்தின் அடிப்படைப் பிழை.

வேது பிடித்தால் மூக்கு இளகும், தலை லேசாகும். அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் மூக்கு திறந்ததால் சைனஸும் திறந்துவிட்டது என்று கொள்ள முடியாது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நம்பி இறங்குவதும் அப்படியே. அடியில் இருக்கும்போது வீக்கம் திரும்பினால், ஏறும்போது விரியும் காற்றுக்கு வழியிருக்காது. இறங்கும்போது வலித்தால் மேலே வந்துவிடலாம். ஏறும்போது வலித்தால் நின்று தாமதிக்க நெஞ்சில் மூச்சு இராது.

ரத்தம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கை முத்துக்குளிப்பைக் கண்டு 1803இல் நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல், மேலே வந்தவர்களின் வாய், காது, மூக்கிலிருந்து நீரும் பலமுறை ரத்தமும் வந்ததையும், அவர்கள் மறுபடி தம் முறைக்கு இறங்கியதையும் பதிவு செய்தார். இந்த நம்பிக்கை ஏன் நிலைத்தது என்பதும் புரிகிறது. அடைபட்ட சைனஸில் காற்று சுருங்கும்போது உட்சவ்வு வீங்கி, கசிந்து, ரத்தம் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. அழுத்தம் சமமாகி வலி சட்டென்று குறைகிறது. செவிப்பறை கிழிந்தாலும் அப்படித்தான். காயம்பட்ட நொடியையே வலி தீர்ந்த நொடியாக உடம்பு உணர்கிறது. அதைப் பழக்கம் என்று பெரியவர்கள் பெயரிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு இறங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. விளையாட்டுக்கு முங்கும் பிள்ளைக்கு அந்த வீரத்தைக் கற்பிக்க நமக்கு உரிமையில்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். முத்துக்குளிப்பு கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை வாக்கில் நடந்தது. காரணம் தெளிந்த நீரும் காற்றில்லாத கடலும்தான். ஆயினும் வாடைக்காலச் சளி விட்டுப்போயிருக்கும் பருவமாகவும் அது அமைந்தது. எங்கள் கிணறு நிறைவதோ வாடைக்காலத்தில். தண்ணீர் மிக ஆழமாக இருக்கும் மாதமே வீட்டுக்கு ஒருவர் மூக்குறிஞ்சும் மாதமாகவும் இருக்கிறது.

அதற்காகக் கிணற்று முங்கலைத் தடுக்கச் சொல்லவில்லை. கரிசல் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் சுகம் கிடைப்பதே அங்கேதான். திட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இரண்டு சோதனை செய்தால் போதும். குதிக்குமுன் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொல்லட்டும். இரண்டு காதும் 'டப்' என்று விட வேண்டும். குனியச் சொல்லட்டும், நெற்றி கனக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும், "இன்னைக்கு மேலேயே நீந்துடா தம்பி" என்று சொல்லிவிடலாம். அடிமண் எங்கும் போய்விடாது. சளி விடுகிறவரை கிணற்றுக்குள்ளேயே கிடக்கும்.