கருமை காத்தல்

கறுப்பு வெள்ளைப் படத்தை ரசிக்கத் தெரிந்தவரின் கண் முதலில் இருட்டுக்குத்தான் போகும். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவருக்குப் பின்னே அறை இருளும் இடத்தைப் பார்ப்பார். அங்கே சுவரின் சொரசொரப்பு மங்கலாகத் தெரிகிறதா, அதற்கும் அப்பால் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறதா என்று தேடுவார். விமான நிலைய எக்ஸ்-ரே முதலில் கை வைப்பதும் அந்த இடத்தில்தான்.

நெகட்டிவில் நிழல் விழுந்த பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஒளி படாத சில்வர் ஹாலைடு படிகங்கள் கழுவும்போது நீங்கிவிடுவதால் வருகிற தெளிவு அது. எக்ஸ்-ரே டப்பாவைத் துளைத்துக்கொண்டு போய் இந்தப் படிகங்களையும் தொட்டுவிடுகிறது. சாதாரண வெளிச்சத்தில் ஒரு படிகம் விழித்துக்கொள்ள சில ஃபோட்டான்களாவது வேண்டும். எக்ஸ்-ரேயில் ஒன்றே போதும். கழுவிப் பார்த்தால் சுருள் முழுக்க மெல்லிய மூட்டம். பிரிண்ட் போட்டால் கறுப்பு, தண்ணீர் கூடிய டிகாக்‌ஷன் மாதிரி நிற்கும். படம் அழிந்திருக்காது, ஆழம் போயிருக்கும்.

வேகமான பிலிமுக்கு அடி அதிகம். கோடக் பி3200, இல்ஃபோர்டு டெல்டா 3200 போன்றவற்றில் படிகங்கள் பெரியவை என்பதே காரணம். 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, நேரம் கூட்டிக் கழுவுகிறவர்கள் அதையும் வேகப் பிலிமாகவே கருத வேண்டும். ஒவ்வொரு சோதனையின் பாதிப்பும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும்.

எக்ஸ்-ரேயும் பிலிமும் பிறவிப் பகைவர்கள் அல்ல. ரோன்ட்கன், 1895இல் தாம் கண்டுபிடித்த கதிரை உலகுக்குக் காட்டியதே, மனைவியின் கை எலும்புகள் பதிந்த போட்டோ தகட்டை வைத்துத்தான். ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கேமராவுக்கான ரோலையும் ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்-ரே பிலிமையும் தயாரித்தது. கதிரைப் பதிவு செய்யும் குணம் இரண்டுக்கும் பொது. ஒன்றில் அதை விரும்பி அழைக்கிறோம். மற்றொன்றில் வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறோம்.

நிறுத்துவதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. செக்-இன் பெட்டியில் பிலிமை வைக்கவே கூடாது. அங்குள்ள இயந்திரத்தின் செறிந்த கதிர், படங்களின் குறுக்கே அலை அலையாகப் பட்டை போட்டுவிடும். கைப்பையைப் பார்க்கும் பழைய வகை இயந்திரத்தில், 800க்குக் குறைந்த வேகமுள்ள பிலிம் ஒன்றிரண்டு தடவை போய்வந்தால் பெரும்பாலும் தாங்கும். இப்போது அதன் இடத்துக்கு சி.டி. ஸ்கேனர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் 400 பிலிம்கூட ஒரே தடவையில் கெடக்கூடும். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொன்னால், எதிரே இருப்பது சி.டி.யாக இருக்கலாம் என்று உஷாராகிவிட வேண்டும்.

ஈயப் பையைப் பலர் நம்புகிறார்கள். திரையில் அது ஊடுருவ முடியாத கறுப்புக் கட்டியாகத் தெரியும். சோதிப்பவர் பையை நிறுத்தித் திறக்கச் சொல்வார், அல்லது மறுபடி உள்ளே அனுப்புவார். மறைப்பதைவிடக் காட்டுவதே நல்ல உத்தி. ரோல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புஜியின் வெள்ளை டப்பாக்கள் இதற்கு வசதி. மூடியைத் திறக்காமலே ரோல் தெரியும். கேமராவில் பாதி ஓடிய ரோல் இருக்கவே கூடாது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் கதை முடிந்தது. வரிசையில் நேரத்தோடு நின்று, “சார், இது கேமரா பிலிம். எக்ஸ்-ரே பட்டால் கெட்டுப்போகும். கையால் பார்த்துவிடுகிறீர்களா?” என்று பணிவாகக் கேட்பதே பாதி வித்தை. அமெரிக்க விமான நிலையங்களில் இப்படிக் கேட்கும்படி பாதுகாப்புத் துறையே பயணிகளுக்குச் சொல்கிறது. மற்ற இடங்களில் பல நேரம் எதிரே நிற்பவரின் மனசைப் பொறுத்தது.

இவ்வளவு பாடு எதற்கு? பிலிமுக்கு நகல் கிடையாது. கோடக்ரோம் என்ற ஸ்லைடு பிலிமின் கடைசிச் சுருளைப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 2010இல் நியூயார்க்கிலும் இந்தியாவிலும் எடுத்து, கான்சஸில் பார்சன்ஸ் ஊரில் கழுவக் கொடுத்தார். கண்டங்களைத் தாண்டிப் போனது ஒரே ஒரு ரோல், 36 படம். ஸ்லைடு என்பதால் மூட்டம் விழுந்திருந்தால் கறுப்பே நேரடியாக வெளுத்திருக்கும்.

எல்லாவற்றிலும் பத்திரமான வழி, போகிற ஊரிலேயே பிலிம் வாங்கி, திரும்புமுன் நல்ல லேப் ஒன்றில் கழுவி வாங்கிக்கொள்வது. கழுவி முடித்த நெகட்டிவை எந்த எக்ஸ்-ரேயும் ஒன்றும் செய்யாது.