குறையை எழுதி விற்கும் கடை

ஜப்பானின் நீகாத்தா நகருக்குப் போகிறவர்கள், புத்தம்புது மின்னணுப் பொருள் விற்கும் கடைகளோடு நின்றுவிடாமல் ‘ஹார்ட் ஆஃப்’ கடைக்குள்ளும் நுழைய வேண்டும். பக்கத்து ஷிபாத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் இது. 1972இல் ஆடியோ கடையாகத் தொடங்கி, 1993இல் பழைய பொருள் வணிகத்தில் இறங்கியது.

ஆம்ப்ளிஃபையர், கேமரா லென்ஸ், கேசட் பிளேயர் எல்லாம் துடைத்து, வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அழகு, அவற்றில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான். ஒரு பக்கம் மட்டும் ஒலி வருகிறது, மூடி உடைந்திருக்கிறது, ரிமோட் இல்லை என்று விலைக்கு அருகிலேயே குறையும் எழுதியிருக்கும். நீலக் கூடைகளில் குவிந்து கிடப்பவை ‘ஜங்க்’. அவற்றுக்கு உத்தரவாதமும் இல்லை, திருப்பித் தரவும் முடியாது. ஆனால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். செருகிச் சோதித்துப் பார்க்க மின் இணைப்புள்ள மேசையும் உண்டு.

வாங்கும் முன் சில கணக்குகள் அவசியம். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருவி கருகிவிடக்கூடும். அங்கத்திய பழைய எஃப்.எம். வானொலிகள் பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நிலையங்கள் பல அதற்கு மேலே இருக்கின்றன. லென்ஸுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

சீட்டைக் கைபேசியில் மொழிபெயர்த்து முழுதாகப் படியுங்கள். குறையை மறைக்காத கடையில் பழைய பொருளையும் நம்பி வாங்கலாம்.