எந்தப் பெண்ணைக் காப்பதற்காக?

சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தன்பால் இணையருக்கும் பொருந்தும்படி மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். மணம் என்று சொல்லாமல் வேறொரு சட்ட அங்கீகாரமாவது தரலாமா, சேர்ந்து பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்பதில்தான் பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் கௌலும் ஒரு பக்கம். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மறுபக்கம். மூவரின் முடிவே நின்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

பண்பாடு, மதம், நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று இந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது, நீதிபதி பட் எழுதிய பகுதியில் வரும் ஒரு சிறிய வாதத்தை. சட்டத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்று இருப்பதை ‘நபர்’ என்று பொதுவாக்கி வாசித்தால், எதிர்பாராத பாதிப்புகள் பெண்களுக்கு வரக்கூடும் என்கிறது அது. தன்பால் திருமணத்தை மறுப்பதற்கான காரணங்களில் பெண்களின் பாதுகாப்பும் ஒன்றாகிவிட்டது. பெண்ணிய வாசகிகள் இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. இது நம் இயக்கம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த வாதம். நம்மிடமிருந்து எடுத்து, நம்மில் சிலருக்கு எதிராக வைத்திருக்கிறார்கள்.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இதே சட்டத்தின் 36, 37ஆம் பிரிவுகள் ஜீவனாம்சத்தை மனைவிக்குத்தான் தருகின்றன. மனைவி மட்டுமே முன்வைக்கக்கூடிய விவாகரத்துக் காரணங்களும் உண்டு. வீட்டுக்குள் இருவரும் சமமாக இல்லை என்பதால் எழுதப்பட்ட பிரிவுகள் இவை. எல்லாச் சட்டத்தையும் பாலினப் பொதுமையாக்கு என்று கேட்கும் ஆண்கள் சங்கங்களின் நோக்கம் நமக்குத் தெரியாததல்ல. அதனால் ‘பொதுமை’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் எச்சரிக்கை அடைவது சரி.

ஆனால் மனுதாரர்கள் எந்த மனைவியின் ஜீவனாம்சத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. இருக்கிற உரிமைகளோடு இன்னும் சிலரைச் சேர்க்கச் சொன்னார்கள். அப்படி வாசிக்க நீதிமன்றத்துக்கு வழியில்லை என்று சந்திரசூட்டும்தான் சொன்னார். வழியில்லை என்பது ஒன்று. பெண்ணுக்கு ஆபத்து என்பது முற்றிலும் வேறு. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் அது சட்டத்தின் எல்லையைப் பற்றிய முடிவாக இருந்திருக்கும். இரண்டாவதையும் சேர்த்ததால் ஒரு கேள்வி எழுகிறது: இந்தப் பாதுகாப்புக்குள் வரும் பெண் யார்? கணவன் உள்ளவள். இன்னொரு பெண்ணோடு வாழ்பவள் அந்த வாக்கியத்தில் பெண்ணாகவே எண்ணப்படவில்லை.

விசாரணையின்போது மத்திய அரசின் தலைமை வழக்குரைஞர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, இரு ஆண்களோ இரு பெண்களோ மணந்தால் அதில் ‘மனைவி’ யார் என்பது. சட்ட வாசிப்பில் அது ஒரு சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி திருமணத்தைப் பற்றி அரசு வைத்திருக்கும் எண்ணத்தையும் காட்டிவிட்டது. இருவரில் ஒருவர் இன்னொருவரைச் சார்ந்திருக்க வேண்டும். யார் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். இல்லாவிட்டால் சட்டத்துக்குக் கை ஓடவில்லை.

மாணவிகளோடு பேசும்போதும் பெண்கள் கூட்டங்களிலும் இதற்கு நேரெதிரான கேள்வி என்னிடம் வருகிறது. “சாதியையும் சொத்தையும் காப்பாற்றுகிற ஏற்பாடுதானே திருமணம்? நாமே அதை வேண்டாம் என்கிறோம், இவர்கள் ஏன் கேட்கிறார்கள்?” நல்ல கேள்வி. ஆனால் வேண்டாம் என்று சொல்ல, முதலில் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மணம் செய்யாமல் வாழ்வேன் என்று நான் சொன்னால் அது என் அரசியல். அவளுக்கு அது விதிக்கப்பட்டது.

தவிர, வழக்குக்குப் போனவர்கள் எல்லோரும் திருமணத்தை மட்டும் கேட்டார்கள் என்பதே தவறான எண்ணம். ரிதுபர்ணா போரா முதலானோர் தொடுத்த மனு, பிறந்த குடும்பத்தின் வன்முறையை மையத்தில் வைத்தது. தாங்களே தேர்ந்த ஒருவரைக் குடும்பமாக அறிவிக்கும் உரிமையைக் கேட்டது. முப்பது நாள் அறிவிப்பு விதியையும் எதிர்த்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணக்க விரும்புவோரின் பெயர், முகவரி எல்லாம் பதிவு அலுவலகத்தில் முப்பது நாள் ஒட்டப்பட்டிருக்கும். யாரும் ஆட்சேபம் சொல்லலாம். சாதி மறுத்து மணக்கும் பெண்ணுக்கு அந்த முப்பது நாள் என்னவென்று நமக்குத் தெரியும்.

நம் பெண்ணிய எழுத்து புகுந்த வீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. வரதட்சணை, மாமியார், அடுப்பங்கரை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அப்பாவையும் அண்ணனையும் விட்டுவிடவில்லை. பேச்சு என்னவோ கணவனைச் சுற்றியே நடக்கிறது. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு முதல் சிறை பிறந்த வீடு. போனைப் பிடுங்குவதும், அறையில் பூட்டுவதும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும் அங்கேதான்.

நீதிபதி பட்டுக்கு இது தெரியாததல்ல. தன்பால் இணையர் சேர்ந்து வாழ்வதில் யாரும் தலையிடாமல், மிரட்டாமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் எழுதியிருக்கிறார். அதற்கு ஏழு வாரம் முன்பு, 2023 ஆகஸ்ட் 28 அன்று, இளவரசன் வழக்கில் நம் சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றித் தீர்ப்பளித்த அமர்விலும் அவர்தான் இருந்தார். ஊரறிய அறிவித்தால்தான் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாட்டை அந்தத் தீர்ப்பு நிராகரித்தது. வீட்டின் எதிர்ப்புக்குப் பயந்து ஓடிவரும் இருவரை ஊரைக் கூட்டச் சொன்னால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது. மிகச் சரி. ஆணும் பெண்ணுமாக ஓடிவந்தால் குடும்பத்தின் ஆபத்து திருமணத்தை எளிதாக்கக் காரணமாகிறது. இரு பெண்கள் ஓடிவந்தால் அவர்களுக்குக் காவல் உண்டு, பெயர் இல்லை.

சுயமரியாதைத் திருமணமும் ஒரு காலத்தில் சட்டப்படி செல்லாததுதான். சென்னை உயர் நீதிமன்றமே 1950களில் அப்படிச் சொன்னது. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன் நடந்த மணங்களும் செல்லும் என்றார்கள். அந்தப் பிரிவு ‘எந்த இரு இந்துக்களும்’ என்றுதான் தொடங்குகிறது. உறுதிமொழிக்கு வரும்போது கணவன், மனைவி என்று வந்துவிடுகிறது. மக்கள் செய்துவிட்டதைச் சட்டம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது இந்த ஊரில்தான் நடந்தது என்பதை, நாடாளுமன்றம் செய்யட்டும் என்று சொல்பவர்களிடம் நினைவூட்டலாம்.

இப்போது நிலைமை என்ன? 2024இல் மத்திய அரசு, தன்பால் இணையர் ஒரே ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராக இருக்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம் என்று விளக்கம் தந்தது. அரிசிக்குக் குடும்பம், வாரிசுரிமைக்கு அந்நியர். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்ய வழிவகுப்பது பற்றித் தமிழ்நாடு அரசு யோசிக்கலாம் என்றார். திருமணத்தைக் கேட்காமலேயே மாநிலம் செய்யக்கூடிய காரியம் அது.

2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் முன் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. ஒரு பெண்ணை அவள் வீட்டார் அடைத்துவைத்திருந்தார்கள். போலீசாரே அவளை வீட்டாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அடித்தார்கள் என்றும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்தார்கள் என்றும் அவள் நீதிபதிகளிடம் சொன்னாள். குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று சொல்லி அவள் விருப்பப்படி போகவிட்டது நீதிமன்றம். மனுவைத் தாக்கல் செய்தவள் அவளுடைய இணை. ஆனால் தன் பிரமாணப் பத்திரத்தில் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்றுதான் எழுதியிருந்தாள். அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள். நாளைக்கு மருத்துவமனைப் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்திலும் அவள் அதையேதான் எழுத வேண்டியிருக்கும்.