வம்சமும் தேசமும்: பிரமுத்யா அனந்த தூரின் நான்கு நாவல்கள்

இந்தோனேசிய மொழியிலே தேசத்தையும் தேசிய இனத்தையும் குறிக்க வழங்குஞ் சொல் ‘பங்சா’ என்பதாகும். இது வடமொழி ‘வம்ச’ என்பதன் திரிபு. பிறப்பினால் வரும் உறவைச் சுட்டிய ஒரு சொல், பிறப்பால் ஒன்றுபடாத பல நூறு இனக்குழுக்களை, பல்லாயிரந் தீவுகளிற் பரந்து வாழும் மக்களை, ஒரே பெயரால் அழைக்குஞ் சொல்லாக எவ்வாறு மாறிற்று? இந்தோனேசியாவின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்குள்ளேயே அடங்கிவிடும் எனலாம். படைப்பிலக்கியத்தில் இதனை மிக ஆழமாக எழுப்பியவர் பிரமுத்யா அனந்த தூர் (1925–2006) ஆவார். ‘பூமி மனுசியா’ (மனிதரின் பூமி), ‘அனாக் செமுவா பங்சா’ (எல்லாத் தேசங்களினதும் பிள்ளை), ‘ஜெஜாக் லங்கா’ (அடிச்சுவடுகள்), ‘ரூமா காச்சா’ (கண்ணாடி வீடு) என்னும் அவருடைய நான்கு தொடர் நாவல்களும் அவ்வினாவுக்குத் தரும் விடை யாது, அவ்விடை எவ்வளவு தூரம் நிறைவானது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. இந்நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே யான் கற்றேன் என்பதை முதலிலேயே குறிப்பிடல் வேண்டும். மொழி பற்றிய நாவல்களை வேற்றுமொழியிற் படிப்பதிலுள்ள இழப்பு சிறிதன்று.

இந்நாவல்கள் பிறந்த சூழலை விடுத்து அவற்றை மதிப்பிட முடியாது. 1965 செப்டெம்பர் 30 ஆம் நாட் கிளர்ச்சியைத் தொடர்ந்து இராணுவத்தின் முன்னின்ற நடவடிக்கைகளில் இலட்சக்கணக்கான இடதுசாரிகளும் இடதுசாரிகளெனக் கருதப்பட்டோரும் கொல்லப்பட்டனர். பிரமுத்யா அவ்வாண்டு ஒக்டோபரிற் கைது செய்யப்பட்டார். அவருடைய நூலகமும் கையெழுத்துப் படிகளும் அழிக்கப்பட்டன. விசாரணை எதுவுமின்றி, 1969 முதல் 1979 வரை மலுக்குத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூருத் தீவிலே அவர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். எழுதுவதற்கு அனுமதி கிடைக்குமுன்னர், 1973 இல், இக்கதையை அவர் உடனிருந்த கைதிகளுக்கு வாய்மொழியாகவே கூறினார். முதல் நாவல் 1980 இல் வெளிவந்து பெருவரவேற்பைப் பெற்றது. 1981 இல் அது மார்க்சிய லெனினிசத்தைப் பரப்புகின்றதெனக் கூறித் தடை செய்யப்பட்டது. தேசியத்தின் தோற்றத்தைப் பாடிய காவியத்தை அத்தேசத்தின் அரசே தடைசெய்தமை இந்நாவல்களின் வரலாற்றிலேயே பொதிந்துள்ள முரண்பாடாகும்.

கதை 1898 இலே சுரபாயாவில் தொடங்குகின்றது. கதாநாயகன் மின்கே, யாவாப் பிரபுக் குலத்து இளைஞன்; ஒல்லாந்தர் பாடசாலையிற் பயில்பவன். ‘மின்கே’ என்பது அவனுடைய இயற்பெயரன்று. ‘குரங்கு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் ஆசிரியர் ஒருவர் அவனை ஏச எத்தனித்து நாவைத் திருப்பிக்கொண்டதன் விளைவு அது. யாவா மொழியிலன்றி, ஒல்லாந்து மொழியிலே சிந்திக்கவும் எழுதவும் பழகிய இவ்விளைஞன், மாவட்ட அதிபராக நியமனம் பெற்ற தன் தந்தையின் முன் தரையில் ஊர்ந்து சென்று வணங்க நேரும் காட்சி முதல் நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. யாவா மொழியிலே தாழ்ந்தோர் உயர்ந்தோரிடம் பேசும் மொழிநிலை வேறு; உயர்ந்தோர் தாழ்ந்தோரிடம் பேசும் மொழிநிலை வேறு. வாயைத் திறந்த மாத்திரத்திலேயே மனிதன் தன் இடத்தை ஏற்றுக்கொள்கின்றான். எனவே மின்கேக்கு இரு அடிமைத்தனங்கள் உள. ஒன்று, அவனைக் குரங்கென்ற அந்நியர் ஆட்சி. மற்றையது, அவனை ஊர வைத்த சொந்த மரபு. ஒன்றை எதிர்ப்பதற்காக மற்றையதைத் தழுவிக்கொள்ளும் எளிய வழியை ஆசிரியர் அவனுக்குத் திறந்துவிடவில்லை. பழம்பெருமையை மீட்டலே தேசியம் என நம்பும் எழுத்துக்களிலிருந்து இந்நாவல்கள் வேறுபடும் இடம் இதுவே.

இவ்விரண்டுக்கும் அப்பாலுள்ள மூன்றாவது வழியாக அமைவது மலாய் மொழி. இரண்டாம் நாவலில், மலாயில் எழுதும்படி நண்பர்கள் வற்புறுத்தும்போது மின்கே அதனை இழிவாகக் கருதுகின்றான். ஆயின், கரும்புத் தோட்டத்துக்காக நிலம் பறிக்கப்படும் துருனோதோங்சோ என்னும் விவசாயியின் கதையை அவன் ஒல்லாந்து மொழியில் எழுதிக் கொடுத்தபோது, சீனி முதலாளிகளின் நலன் பேணும் பத்திரிகை அதனை ஏற்க மறுக்கின்றது. எவருடைய மொழியில் எழுதுகின்றோம் என்பது எவருக்காக எழுதுகின்றோம் என்பதிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை அவன் கற்றுக்கொள்வது அப்போதுதான். மின்கேயின் வரலாற்று மூலமான தீர்த்தோ அதி சூர்யோ 1907 இல் ‘மேடான் பிரியாயி’ என்னும் இதழை மலாயிலேயே வெளியிட்டார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1928 ஒக்டோபர் 28 ஆம் நாள் பட்டாவியாவிற் கூடிய இளைஞர் மாநாடு ஒரே தாயகம், ஒரே தேசம் என்பவற்றோடு, இந்தோனேசியம் எனப் பெயர் மாற்றம் பெற்ற மலாயை ஒருமைப்பாட்டின் மொழியாகவும் பிரகடனஞ் செய்தது. மிகப் பெரிய இனமாகிய யாவானியர் தம் மொழியை ஏனையோர் மீது சுமத்த முற்படவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் வழங்கிய, எவருக்கும் முழுச் சொத்தாகாத ஒரு மொழி, அந்தக் காரணத்தினாலேயே அனைவருக்கும் உரியதாயிற்று.

தேசம் வம்சத்தால் ஆவதன்று என்னும் கருத்தை நாவலாசிரியர் பாத்திர வார்ப்பிலும் நிறுவுகின்றார். அடிச்சுவடுகள் முடிய மின்கே மணக்கும் பெண்கள் மூவர்: ஐரோப்பியக் கலப்பினத்தவளான அனெலீஸ், சீனப் புரட்சியாளரான மெய், மலுக்குப் பகுதியின் காசிருத்தா இளவரசி. மூவருள் ஒருத்தியேனும் யாவானியப் பெண்ணல்லள். சீனரைப் பற்றிய பரிவு வெறும் கதைப் பின்னலன்று. வேற்றுநாட்டுச் சீனர் கிராமங்களிற் சில்லறை வணிகஞ் செய்வதை அரசு தடுத்தபோது, அவர்களுக்காக வாதாடி 1960 இல் நூலெழுதியமைக்காகப் பிரமுத்யா சிறை சென்றவர். சுகர்ணோவின் ஆட்சிக் காலத்திலேயே அச்சிறைவாசம் நிகழ்ந்தது.

எனினும் நான்கு நாவல்களிலும் மனத்தில் நிலைத்து நிற்பவர் மின்கே அல்லர்; நியாய் ஒந்தோசோரோவே. சனிகெம் என்னும் இயற்பெயர் கொண்ட இவளைத் தந்தையே பதவி உயர்வுக்காக ஒல்லாந்தன் ஒருவனுக்கு விற்றுவிடுகின்றான். வைப்பாட்டியாக வந்தவள் தானே கற்று, பெரும் பண்ணையொன்றை நடத்தும் ஆற்றல் பெறுகின்றாள். ஆனால் ஒல்லாந்தச் சட்டத்தின் முன் அவள் மனைவியுமல்லள். பெற்ற மகளுக்குத் தாயுமல்லள். மகள் அனெலீஸ் நீதிமன்றத் தீர்ப்பினால் ஒல்லாந்துக்கு அனுப்பப்படுகின்றாள். தந்தையின் வம்சமும் அந்நியரின் சட்டமும் ஒருங்கே கைவிட்ட இப்பெண்ணே தேசத்தின் முதற் குடிமகளாக நமக்குத் தோன்றுகின்றாள். பிரமுத்யாவின் தேசியக் கருத்துக்கு இதனினும் வலிமையான சான்று வேறில்லை.

நான்காவது நாவலில் ஆசிரியர் கதை சொல்லும் பொறுப்பை மின்கேயிடமிருந்து பறித்து, அவனை வேவு பார்க்கும் பொலிஸ் அதிகாரி பங்கெமனனிடம் ஒப்படைக்கின்றார். இவனும் சுதேசியே, மெனாடோவைச் சேர்ந்தவன், பிரான்சிலே கற்றவன், மின்கேயை மதிக்கின்றவன், மதித்துக்கொண்டே அவனை நாடுகடத்தி அழிக்கின்றவன். தேசிய இயக்கத்தின் வரலாறு அவ்வியக்கத்தை ஒடுக்கியோரின் கோப்புகளிலேயே பேணப்படுகின்றது என்னும் உண்மையை இந்நாவல் உணர்த்துகின்றது. கண்காணிக்கப்பட்ட ஒரு கைதி, கண்காணிப்பவனின் மனத்துட் புகுந்து எழுதிய நூல் இது. கலை நோக்கில் நான்கினுள்ளும் இதுவே தலைசிறந்ததென்பது என் கருத்து.

இத்துணைச் சிறப்புக்கள் இருப்பினும் குறைகளைச் சுட்டாமை விமர்சனமாகாது. முதலாவது, பாத்திரங்கள் உரையாடுவதைவிட விரிவுரையாற்றுவதே மிகுதி. நியாயும் சில இடங்களில் ஆசிரியரின் குரலாகவே ஒலிக்கின்றாள். கைதிகளின் நடுவே நம்பிக்கையும் வரலாற்றறிவும் ஊட்டுவதற்காகச் சொல்லப்பட்ட கதை என்பதை நினைக்குமிடத்து இக்குறையின் காரணம் விளங்கும். காரணம் விளங்குவதால் குறை நீங்கிவிடாது. இரண்டாவது, துருனோதோங்சோ போன்ற விவசாயிகள் மின்கேயின் மனச்சான்றை உலுக்குவதற்கு வருகின்றனர். பின்னர் கதையின் ஓரத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பத்திரிகையால் உருவாகும் தேசத்தில் எழுத்தறியாத பெரும்பான்மைக்கு உரிய இடம் எது என்னும் வினாவை ஆசிரியர் எழுப்புகின்றார். விடையைத் தேடிச் செல்லவில்லை.

மூன்றாவது குறை நாவலினுடையதா வரலாற்றினுடையதா எனத் துணிதல் கடினம். மின்கேயின் நண்பன் மரே என்னும் பிரெஞ்சு ஓவியன், ஒல்லாந்தரின் கூலிப்படையில் அச்சேயிற் போரிட்டுக் காலிழந்தவன். அச்சே மக்களின் வீரத்தை மின்கேக்கு உணர்த்துபவன். பிற்காலத்தில் அதே அச்சே, சுதந்திர இந்தோனேசியாவின் படைகளுக்கு எதிராகவே நீண்டகாலம் போரிட்டு, 2005 இல் ஹெல்சிங்கி உடன்படிக்கையின் பின்னரே அமைதி கண்டது. 1976 இல் இந்தோனேசியா தன்னுடன் இணைத்துக்கொண்ட கிழக்குத் தீமோர், 1999 வாக்கெடுப்பில் பிரிந்து செல்வதையே தெரிந்து, 2002 இல் தனிநாடாயிற்று. விரும்பி இணைவோரின் தேசம், விரும்பாதோரை இணைத்து வைத்திருக்கும் தேசமாக மாறுவது எப்போது? நாவல்கள் தேசத்தின் பிறப்போடு நின்றுவிடுவதால் இவ்வினா அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

ஆசிரியரின் சொந்த வரலாறும் இவ்விடத்துக் கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். 1960 களின் முற்பகுதியில், இடதுசாரிக் கலாசார அமைப்பான லெக்ராவின் சார்பில் ஏனைய எழுத்தாளரைப் பிரமுத்யா கடுமையாகத் தாக்கினார். அவ்வெழுத்தாளர் தரப்பிலிருந்து 1963 இல் வெளிவந்த கலாசாரப் பிரகடனத்தைச் சுகர்ணோ 1964 இல் தடை செய்தார். 1995 இல் பிரமுத்யாவுக்கு மக்சாய்சாய் விருது அளிக்கப்பட்டபோது, சுகர்ணோ காலத்திற் சிறையிருந்த எழுத்தாளர் மொக்தார் லுபிஸ் முன்னர் தாம் பெற்ற அதே விருதைத் திருப்பியளித்தார். தடையினால் துன்புற்ற எழுத்தாளன் பிறர்மீதான தடையின்போது எங்கே நின்றான் என்பது நியாயமான வினா. அவ்வினா நாவல்களின் பெருமையை அழித்துவிடாது. அவற்றைத் தெய்வ வாக்காகக் கொள்வதினின்று நம்மைக் காக்கும்.

இலங்கை வாசகருக்கு இத்தீவுகள் முற்றிலும் அந்நியமானவையல்ல. யாவாவின் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் ஒல்லாந்தரால் இங்கு நாடுகடத்தப்பட்டான். நம்மிடையே வாழும் மலாய் மக்களின் மொழி அத்தொடர்புக்குச் சான்று. ஆயினும் நம்மை இந்நாவல்களிடம் இட்டுச் செல்வது பழைய தொடர்பு மட்டுமன்று. பெரும்பான்மையினரின் மொழியைத் தவிர்த்துப் பொதுமொழியைத் தெரிந்த நாடு அது; 1956 இல் பெரும்பான்மையினரின் மொழியை மட்டும் அரச கரும மொழியாக்கியது நம் நாடு. மொழிக் கொள்கை ஒன்றினால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது என்பதற்கு அச்சேயும் தீமோரும் சாட்சி. ஆயினும் வம்சம் என்ற சொல்லைத் தேசம் என்று பொருள்மாறச் செய்ய ஒரு மக்கட் கூட்டம் முயன்றது என்பதும், அம்முயற்சியின் விலையை ஒரு பெரும் எழுத்தாளன் சிறையிலிருந்து அளந்து காட்டினான் என்பதும் நாம் கற்கவேண்டியவை. அச்சொல்லின் பழைய பொருளிலேயே நின்றுவிட்டோர் இழந்தது யாது என்பதை இங்குள்ள எவரும் பிறரிடங் கேட்டறிய வேண்டியதில்லை.