நோயாளியின் செடியும் அரசின் பதிவேடும்

2013 நவம்பரில் கனடா நாட்டில் ஏறத்தாழ 40,000 பேருக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. மருந்துக்காகக் கஞ்சா பயன்படுத்தவோ பயிரிடவோ அரசிடம் பெயர் பதிந்திருந்தவர்கள் அவர்கள். விதிகள் மாறப்போகின்றன என்பதே உள்ளே இருந்த செய்தி. ஆனால் உறையைப் பிரிப்பதற்கு முன்பே வேறொரு செய்தி வெளியாகிவிட்டது. உறையின் சாளரத்தில் பெறுநரின் பெயரும் முகவரியும் தெரிந்தன. அனுப்புநரைக் குறிக்கும் இடத்தில் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தின் பெயர் அச்சாகியிருந்தது. தபால்காரர், பக்கத்து வீட்டார், வீட்டுச் சொந்தக்காரர் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கஞ்சா என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இங்கே நாம் ஆராயப்போவது செடியை அன்று, பதிவேட்டை. வலிப்பு நோயாளி ஒருவரின் வழக்கில் 2000-ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2001 ஜூலையில் கனடா அரசு மருத்துவப் பயனுக்கான விதிகளை வெளியிட்டது. மருத்துவரின் சான்று பெற்றவர் தாமே செடி வளர்க்கலாம். அல்லது தமக்காக மற்றொருவரை வளர்க்கச் செய்யலாம். தொடக்கத்தில் 500 பேருக்கும் குறைவாக இருந்த பட்டியல் 2013-இல் 30,000-ஐத் தாண்டியது. வளர்ப்பவர் தம் பெயர், பிறந்த தேதி, செடி நிற்கும் இடத்தின் முகவரி, எத்தனை செடிகள், எவ்வளவு இருப்பு என்பவற்றையெல்லாம் எழுதித் தர வேண்டும். இடம் பிறருடையதானால் அவருடைய ஒப்புதலும் தேவை. பதிவு செய்தவர் நோயாளி, செய்யாதவர் குற்றவாளி. அரசு முன்வைத்த பேரம் இதுதான்.

உறை விவகாரம் வெளிவந்ததும் துறையின் துணை அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். நிர்வாகப் பிழை நேர்ந்துவிட்டது என்றார். அந்நாட்டின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் நூற்றுக்கணக்கான புகார்களை விசாரித்து, அந்தரங்கச் சட்டம் மீறப்பட்டது என்று 2015-இல் முடிவு கூறியது. முடிவு சரியே. ஆனால் 'பிழை' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வதை ஓர் இயற்பியல் ஆசிரியனால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் கைதவறிச் சுற்றிணைத்ததும் கருவி புகைந்தால், மாணவரைக் கடிந்துகொண்டால் போதுமா? அந்த ஒரு தவறுக்கே புகையும்படி கருவியை அமைத்தவரையும் கேட்க வேண்டாமா?

இதைக் கணக்கால் பார்ப்போம். செய்தியை அளக்கும் அலகு 'பிட்' என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வது ஒரு பிட். அன்றைய கனடாவின் மக்கள் தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அத்தனை பேரில் ஒருவரை மட்டும் சுட்டிக்காட்ட ஏறத்தாழ 25 பிட்டுகள் தேவை. 2-ஐ 25 முறை பெருக்கினால் 3,35,54,432 வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். பெயரும் முகவரியும் இந்த 25 பிட்டுகளைத் தருகின்றன. அவற்றில் இரகசியம் ஏதுமில்லை. எல்லா உறைகளிலும் இருப்பவைதாம். மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி பெற்றவர்கள் நாட்டில் பலர் என்பதும் இரகசியமன்று. அந்த 25 பிட்டுகளோடு 'இவர் அவர்களுள் ஒருவர்' என்னும் ஒரே ஒரு பிட் ஒட்டிக்கொண்டதுதான் கேடு. ஆகவே செய்தியின் அளவைவிட அதன் இணைப்பே அஞ்சத்தக்கது. செடியைத் திருட வருபவனுக்கும், வாடகைக்கு விட்டவருக்கும், வேலை கொடுத்தவருக்கும், எல்லையில் நிற்கும் அமெரிக்க அதிகாரிக்கும் அந்த ஒரு பிட் போதும்.

"அப்படியானால் பதிவு செய்யாமலே இருந்துவிடலாமே" என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது.

வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போர் பலர் பயன்படுத்திவந்தது 1000 வாட் உயர் அழுத்தச் சோடியம் விளக்கு. நம் நெடுஞ்சாலைகளில் மஞ்சளாக எரிந்ததே, அதே இனம். செடி தழைக்கும் பருவத்தில் நாளொன்றுக்கு 18 மணி நேரம் விளக்கு எரியும். ஐந்து விளக்குகள் என்றால் ஒரு நாளைக்கு 90 யூனிட். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு வீட்டின் சராசரிச் செலவு நாளுக்கு ஏறத்தாழ 31 யூனிட். அதைப்போல் மும்மடங்கு, அதாவது 93 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளின் பட்டியலை மின் நிறுவனத்திடமிருந்து நகராட்சிகள் பெற்றுக்கொள்ள அம்மாகாணம் 2006-இல் சட்டம் செய்தது. நோக்கம் தீத்தடுப்பு என்றார்கள். ஆய்வாளர்களுடன் காவலர்களும் போனார்கள். சரே நகரில் ஒரு தம்பதியர் மின் ஆய்வாளர்கள் வரட்டும், காவலர்கள் வேண்டாம் என்றனர், மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆணையின்றி இவ்வாறு நுழைவது அரசமைப்புக்கு முரண் என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று.

மின்மானி அளவை மட்டும் சொல்வதில்லை, நேரத்தையும் சொல்லும். கஞ்சா நீண்ட இரவு கண்டால் பூக்கும் செடி. எனவே பூக்கும் பருவத்தில் 12 மணி வெளிச்சம், 12 மணி இருள் என்று விளக்கை இயக்குகிறார்கள். மின்னோட்டத்தைத் தொடர்ந்து பதியும் கருவியை வீட்டுக்கு வரும் கம்பியில் மாட்டினால், வரைபடத்தில் அழகான சதுர அலை எழும். சமையலும் சலவையும் அப்படிச் சதுரமாக நடப்பதில்லை! கால்கரி நகரில் காவல்துறையின் வேண்டுகோளின்படி மின் நிறுவனம் இத்தகைய கருவியை ஒரு வீட்டுக்கு ஐந்து நாள் மாட்டியது. 2010 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அச்சான்றை ஏற்றனர். தம் விவரத்தை வெளியிட வேண்டாமென்று வாடிக்கையாளர் முன்கூட்டியே கேட்டிருக்கலாம், அவர் கேட்கவில்லை என்பதும் அவ்வழக்கில் பேசப்பட்டது. மின் கட்டணம் செலுத்தும் நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்போம்?

செலவான மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகிறது. 290 கெல்வின் வெப்பநிலையில் உள்ள சுவர் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி மிகுதியான அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. சுவர் ஒரு டிகிரி சூடேறினால் வீசும் ஆற்றல் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கூடும். விமானத்தில் வைத்த அகச்சிவப்புக் கருவிக்கு இவ்வேறுபாடு தெரியும். அவ்வாறு படம் எடுக்க ஆணை தேவையில்லை என்று 2004-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

ஆக, பதிவு செய்யாத நோயாளியும் மறைந்திருப்பதில்லை. மின்மானியும் சுவரும் அவரைப் பற்றிப் பேசுகின்றன. அதுவும் அரைகுறையாகப் பேசுகின்றன. நோயாளியின் விளக்கையும் கடத்தல்காரனின் விளக்கையும், ஏன், நீச்சல் குளத்தைச் சூடேற்றும் பணக்காரரின் கருவியையும் 93 யூனிட் கணக்கு பிரித்தறியாது. பிரித்துச் சொல்ல வல்லது பதிவேடு ஒன்றே. நெருக்கமான மின்கம்பிகளும் ஈரச் சுவரும் அண்டை வீட்டாருக்கும் கவலை தருவன என்பதும் பொய்யன்று. பதிவேடே கூடாது என்று வாதிடுவோரோடு நான் உடன்படாதது இதனால்தான்.

என் குறை பதிவேட்டின் அமைப்பில் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலருக்குத் தேவையான விடை ஒரு பிட்: இங்கு அனுமதி உண்டா, இல்லையா? அதற்குமேல் அவர் கையில் எதற்கு? கலிபோர்னியா மாநிலம் 2003-இல் இயற்றிய சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. அங்கு மருத்துவ அட்டை கட்டாயமில்லை. அட்டையில் இருக்க வேண்டியவை என்று சட்டம் வரிசைப்படுத்தியவற்றுள் ஓர் எண், ஒரு புகைப்படம், காலாவதித் தேதி, சரிபார்க்கும் தொலைபேசி எண் ஆகியவை உண்டு, பெயர் இல்லை! காவலர் எண்ணைக் கூறினால் செல்லும், செல்லாது என்று விடை வரும். அந்த அட்டை சாலையில் விழுந்து கிடந்தாலும் எடுத்தவருக்கு முகவரி கிடைக்காது.

எனினும் விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகத்தில் பெயர் இருக்கத்தானே செய்யும்? உண்மைதான்; அது எளிதில் அடைபடாத ஓட்டை. மிச்சிகன் மாநிலம் தன் பதிவேட்டை இரகசியம் என்று சட்டத்திலேயே எழுதியது. வெளியிடும் ஊழியருக்குத் தண்டனையும் வைத்தது. அமெரிக்க மத்தியப் போதைத் தடுப்புத் துறை ஏழு பேரின் விவரங்களைக் கேட்டபோது, கொடுக்கத்தான் வேண்டும் என்று 2011-இல் மத்திய நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலம் கொடுத்த வாக்கு மத்திய அரசைக் கட்டுப்படுத்தவில்லை. பூட்டு நன்றாகவே இருந்தது. வேறொரு சாவிக்காரர் இருந்தார். எழுதி வைக்காத விவரத்தை மட்டுமே எந்த ஆணையாலும் பெற முடியாது. படிவம் வரைபவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'இது எந்தக் கேள்விக்கு விடை?' என்று தம்மையே கேட்டுக்கொண்டால் பாதிக் கட்டங்கள் உதிர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

கனடாவின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த உறைகளுக்குள் இருந்த அறிவிப்பு, வீட்டில் வளர்ப்பதையே நிறுத்தப் போகிறோம் என்பதுதான். 2014 மார்ச்சில் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2016 பிப்ரவரியில் அந்த விதிகளையே செல்லாதவை என்றது. தீ, பூஞ்சை, திருட்டு என்று அரசு அடுக்கிய அபாயங்கள் தக்கபடி மெய்ப்பிக்கப்படவில்லை என்பது நீதிபதியின் கருத்து. அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. வளர்ப்பவரின் பதிவு தொடர்ந்தது.

2018 அக்டோபர் 17 முதல் நாட்டுச் சட்டப்படி வயது வந்த எவரும், நோயாளி அல்லாதவரும்கூட, வீட்டுக்கு நான்கு செடிகள் வரை பதிவில்லாமலே வளர்க்கலாம். சில மாகாணங்கள் மட்டும் இதற்குத் தடை போட்டன. நோயாளிக்கான கணக்கோ வேறு. நாளொன்றுக்கு ஒரு கிராம் தேவைப்படுபவருக்கு, வீட்டுக்குள் வளர்ப்பதானால், அரசின் வாய்பாடு தரும் விடை ஐந்து செடிகள். அந்த ஐந்தாவது செடிக்காக அவர் இன்றும் தம் பெயர், பிறந்த தேதி, செடி நிற்கும் முகவரி ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி அதே சுகாதாரத் துறைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.